மூன்று கண்ணியில் தொடங்கும் சால்வை

கம்பளிப் பின்னல் கற்க வருபவர்களுக்கு முதல் வேலையாகப் பெரும்பாலும் நீளமான செவ்வக ஸ்கார்ஃபைத்தான் கொடுப்பார்கள். பார்க்க எளிதாகத்தான் தெரியும். ஆனால் தொடங்கும் முன்பே அகலத்தை முடிவு செய்தாக வேண்டும். கை இன்னும் பழகாத நிலையில் நாற்பது கண்ணி (நூல் வளையம்) எத்தனை அங்குலம் வரும் என்று எப்படித் தெரியும்? நூல் பாதியில் தீர்ந்தால் கழுத்தைச் சுற்றக்கூடப் போதாத துண்டுதான் மிஞ்சும். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை எதுவும் மாறாது என்பதால், பலர் சலித்துப்போய்ப் பாதியிலேயே பையில் போட்டு வைத்துவிடுவார்கள்.

முக்கோணச் சால்வைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. மூன்றே கண்ணியில் தொடங்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி கூடும். நூல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பெரிதாக வளர்த்து, எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது முழுமையான முக்கோணமாகவே இருக்கும். உடம்பின் அளவு வேண்டாம், கை அளவு வேண்டாம், கணக்குப் போட்டுத் துண்டு துண்டாக இணைக்கவும் வேண்டாம். முதல் பத்து வரிசைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கை தடுமாறும் காலத்தில் கண்ணிகள் குறைவாகவும், கை பழகியபின் கண்ணிகள் அதிகமாகவும் இருக்கும். கற்பவருக்கு இதைவிட ஏற்ற வடிவம் கம்பளிப் பின்னலில் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கே, எத்தனை வரிசைக்கு ஒருமுறை, ஒரு கண்ணி கூட்டுகிறோம் என்பது ஒன்றுதான் முக்கோணத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. அது புரிந்துவிட்டால் அடுத்தவர் எழுதிய செய்முறையை வரிக்கு வரி நம்பியிருக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையின் நோக்கம் அந்தப் புரிதலை உண்டாக்குவதுதான்.

வரப்புக் கணக்கு

கம்பளிப் பின்னலில் அடிப்படைக் கண்ணிகள் இரண்டு: நிட், பர்ல். முதல் சால்வைக்கு நிட் மட்டும் போதும்.

இடது கை ஊசியில் கண்ணிகள் இருக்கும். வலது ஊசியின் முனையை முதல் கண்ணிக்குள் இடமிருந்து வலமாக, முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். நூலை அந்த முனையின்மேல் ஒருமுறை சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். இது ஒரு நிட் கண்ணி. வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பி, ஊசிகளைக் கைமாற்றி, மறுபடி அதையே செய்கிறோம்.

எல்லா வரிசையையும் இப்படி நிட் ஆகவே பின்னினால் கிடைப்பது கார்ட்டர் பின்னல். துணியின் இரு பக்கமும் ஒரே மாதிரி, வயல் வரப்புகள் போலக் கிடைமட்ட மேடுகளோடு இருக்கும். இரண்டு வரிசை சேர்ந்து ஒரு மேடு ஆகும். இனி அதை வரப்பு என்றே சொல்கிறேன்.

கார்ட்டர் பின்னலை முதலில் எடுப்பதற்கு இரண்டு நல்ல காரணங்கள் உண்டு. ஒன்று, அது சுருளாது. முன்பக்கம் நிட்டும் பின்பக்கம் பர்லுமாகப் பின்னினால் வழவழப்பான ஸ்டாக்கினெட் துணி கிடைக்கும். திருப்பூர் பனியன் துணியும் அமைப்பில் அதேதான். பனியன் துணியை வெட்டினால் ஓரம் உடனே சுருண்டுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கையால் பின்னிய ஸ்டாக்கினெட் சால்வையின் ஓரமும் அப்படியே சுருளும். கார்ட்டர் பின்னல் தட்டையாகக் கிடக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கார்ட்டர் பின்னலில் ஒரு கண்ணியின் அகலமும் ஒரு வரப்பின் உயரமும் ஏறத்தாழச் சமம். 18 கண்ணி 10 செ.மீ. அகலம் வந்தால், 18 வரப்பும் 10 செ.மீ. உயரத்தை ஒட்டி வரும். இதனால் கணக்கு மிக எளிதாகிவிடுகிறது. ஒரு ஓரத்தில் வரப்புக்கு ஒரு கண்ணி வீதம் கூட்டினால், அந்த ஓரம் சரியாக 45 பாகையில் சாயும். இரண்டு ஓரங்களிலும் கூட்டினால் இரண்டு 45 சேர்ந்து முனையில் 90 பாகை, அதாவது செங்கோணம், உருவாகும். செங்கோணத்தை அடிமுனையாகக் கொண்ட அந்த முக்கோணத்தின் மேல்விளிம்பு அகலம் 120 செ.மீ. என்றால், முதுகில் தொங்கும் ஆழம் அதில் பாதி, 60 செ.மீ.

ஸ்டாக்கினெட்டில் இது மாறும். அங்கே கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது. பொதுவாக 5 கண்ணியின் அகலம் 7 வரிசையின் உயரத்துக்கு ஈடாகும். அதே வீதத்தில் கூட்டினால் முனை கூராகி, முக்கோணம் ஆழம் கூடியும் அகலம் குறைந்தும் வரும். செய்முறைகளில் பின்னல் வகையை மாற்றும்போது வடிவமும் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

நூலும் ஊசியும்

கடையில் கம்பளி நூல் என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் நூல். கற்பதற்கு அது தாராளமாகப் போதும். விலை குறைவு, வாஷிங் மெஷினில் துவைக்கலாம். உண்மையான ஆட்டுக் கம்பளி விலை கூடியது. ஆனால் அது இழுத்தால் நீண்டு மீளும், சிறு ஏற்றத்தாழ்வுகளை மறைக்கும், நனைத்து விரித்தால் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பருத்தி நூல் நம் வெயிலுக்கு ஏற்றது. ஆனால் அது மீளாது, பெரிய சால்வையில் கனக்கும், புதிய கைகளுக்குச் சற்றுக் கடினம். முதல் முயற்சிக்கு அக்ரிலிக், அல்லது கம்பளி கலந்த நூல் நல்லது.

தடிமனில் டி.கே. எனப்படும் நடுத்தர நூலை வாங்குங்கள். 100 கிராம் உருண்டையில் ஏறத்தாழ 200 முதல் 230 மீட்டர் இருக்கும், லேபிளில் அச்சிட்டிருப்பார்கள். வெளிர் நிறமோ நடுத்தர நிறமோ எடுங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் நூலைத் தவிர்த்துவிடுங்கள். தவறிய கண்ணியை அதில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, பிரிக்கவும் வராது.

டி.கே. நூலுக்கு வழக்கமான ஊசி 4 மி.மீ. ஸ்வெட்டர் போலச் சால்வை இறுக்கமாக இருக்கக் கூடாது, தோளில் வழுக்கிப் படிய வேண்டும். அதனால் 5 மி.மீ. ஊசி எடுங்கள். வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஊசிகளுக்குப் பிரிட்டிஷ் எண்ணும் உண்டு, அமெரிக்க எண்ணும் உண்டு, இரண்டும் எதிரெதிர். பிரிட்டிஷ் முறையில் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். அமெரிக்க முறையில் தடிக்கும். எட்டாம் எண் ஊசி பிரிட்டிஷ் கணக்கில் 4 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 5 மி.மீ. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண் இன்னும் புழங்குகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள உறவினர் அனுப்பும் செய்முறையில் அமெரிக்க எண் இருக்கும். எண்ணை விட்டுவிட்டு மி.மீ. அளவை மட்டும் பாருங்கள்.

நேர் ஊசி இரண்டு போதும் என்றாலும், வட்ட ஊசி வாங்குவதே நல்லது. இரண்டு குட்டை ஊசிகளை ஒரு மெல்லிய கேபிள் இணைத்திருக்கும். வட்டமாகப் பின்ன வேண்டும் என்பதில்லை. வரிசை முடிந்ததும் திருப்பிப் பின்னினால் நேர் ஊசி போலவே வேலை செய்யும். சால்வை வளர்ந்து இருநூறு கண்ணி ஆகும்போது நேர் ஊசியில் இடம் இருக்காது. முழு எடையும் மணிக்கட்டில் தொங்கும். 80 செ.மீ. அல்லது 100 செ.மீ. வட்ட ஊசியில் கண்ணிகள் கேபிளில் நகர்ந்து, எடை மடியில் இறங்கிவிடும்.

இவற்றோடு கத்தரிக்கோல், டேப், தடித்த தையல் ஊசி, இரண்டு மூன்று ஊக்குகள் போதும்.

முதல் சால்வை: அடிமுனையிலிருந்து மேலே

கற்பவருக்கான வழி இது. முதுகில் தொங்கும் கூர்முனையில் தொடங்கி, கழுத்தைச் சுற்றும் நீண்ட விளிம்பில் முடிப்போம்.

கண்ணி கூட்ட நூல்சுற்று என்ற எளிய முறையைப் பயன்படுத்துவோம். நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்பக்கம் கொண்டுவாருங்கள். அங்கிருந்து வலது ஊசியின்மேலாகப் பின்னால் கொண்டுபோய் அடுத்த கண்ணியை வழக்கம்போலப் பின்னுங்கள். வலது ஊசியில் ஒரு சாய்ந்த இழை கூடுதலாகக் கிடக்கும். அடுத்த வரிசையில் அதையும் ஒரு கண்ணியாகப் பின்னினால் கண்ணி கூடிவிட்டது. அந்த இடத்தில் சிறு துளை விழும். ஓரம் நெடுக அந்தத் துளைகள் வரிசையாக அமைவது இந்தச் சால்வைக்கு அழகு.

செய்முறை:

1. மூன்று கண்ணி ஏற்றுங்கள்.
2. முதல் இரண்டு கண்ணியைப் பின்னுங்கள். ஒரு நூல்சுற்று போடுங்கள். மீதிக் கண்ணிகளை வரிசை முடியும்வரை பின்னுங்கள். இப்போது நான்கு கண்ணி.
3. துணியைத் திருப்புங்கள். இரண்டாம் படியை அப்படியே மறுபடி செய்யுங்கள். இப்போது ஐந்து கண்ணி.
4. வேண்டிய அகலம் வரும்வரை இதையே தொடருங்கள்.

முழுச் செய்முறையும் இவ்வளவுதான். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒன்று கூட்டுகிறோம். இரண்டு வரிசைக்கு இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று கூடுகிறது. அதாவது ஓர் ஓரத்துக்கு வரப்புக்கு ஒரு கண்ணி. மேலே சொன்ன 45 பாகைக் கணக்கு தானாக நடந்துகொண்டிருக்கும்.

இந்தச் செய்முறை தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். எத்தனை வரிசை பின்னினோமோ, அதோடு மூன்றைக் கூட்டினால் ஊசியில் உள்ள கண்ணி எண்ணிக்கை வரும். வரிசைகளைத் தாளில் குறித்துவைக்க வேண்டாம். கண்ணிகளை எண்ணினாலே போதும். ஒற்றைப்படை எண் இருந்தால் அடுத்து வருவது முன்பக்க வரிசை, இரட்டைப்படை இருந்தால் பின்பக்க வரிசை. கார்ட்டர் பின்னலில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருப்பதால், முன்பக்கத்தில் ஓர் ஊக்கைக் குத்திவைத்துக்கொண்டு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு நூல்சுற்று விடுபட்டிருக்கிறது, அல்லது கூடுதலாக விழுந்திருக்கிறது.

ஊசியில் சுருங்கிக் கிடக்கும் துணியை வைத்து அகலத்தை அளக்க முடியாது. துணியின் நடுவே 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணிப் பாருங்கள். 18 வந்தால், ஊசியில் 216 கண்ணி இருக்கும்போது அகலம் 120 செ.மீ.

நூல் எங்கே போகிறது

முக்கோணத்தில் புதியவர்களைக் குழப்புவது நூல் தீரும் வேகம். தொடக்கத்தில் சால்வை ஓடி வளரும். பிறகு ஒரு வரிசை முடிக்கவே கால்மணி நேரம் ஆகும். நூல் உருண்டையும் திடீரென்று இளைக்கத் தொடங்கும். இதில் தவறு எதுவும் இல்லை. முக்கோணத்தின் பரப்பு அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் அப்படி ஆகிறது.

200 கண்ணிவரை போகும் சால்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் பின்னவேண்டிய கண்ணிகள் ஏறத்தாழ 20,000. ஊசியில் 100 கண்ணி வந்ததும் பாதி முடிந்ததாகத் தோன்றும். அதுவரை பின்னியது 5,000 கண்ணி, கால்பங்குதான். உண்மையான பாதி 142-ஆம் கண்ணியில்தான் வரும். 100-க்கும் 142-க்கும் இடையே செலவாகும் நூல், 100 வரை செலவானதற்குச் சமம்.

அகலத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் நூல் நான்கு மடங்கு வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். டி.கே. நூலும் 5 மி.மீ. ஊசியும் எடுத்து, 10 செ.மீ.-க்கு 18 கண்ணி வரும் கையாக இருந்தால், 100 கிராமில் ஏறத்தாழ 85 செ.மீ. அகலமுள்ள கழுத்துத் துண்டு வரும். 200 கிராமில் 120 செ.மீ., 300 கிராமில் 145 செ.மீ. அளவுக்குச் சால்வை வரும். கை இறுக்கமும் நூலின் நீளமும் மாறுவதால் சற்று முன்பின் ஆகும். தோளை மூடி, முன்பக்கம் முடிச்சிட விரும்புபவர்கள் 300 கிராம் வாங்குங்கள். லேபிளில் சாய எண் இருக்கும். எல்லா உருண்டையிலும் அதே எண் இருக்கிறதா என்று பார்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். வேறு சாயத் தொகுதியில் அதே நிறமும் சற்று மாறித் தெரியும்.

முடிப்பது

அடிமுனையில் தொடங்கிய சால்வையில் கடைசி வரிசைதான் மிக நீளமான விளிம்பு. கழுத்தையும் தோளையும் சுற்றப்போவதும் அதுதான். அதை இறுக்கி அடைத்தால், அதாவது கண்ணிகள் அவிழாதபடி இறுக்கி மூடினால், விளிம்பு சுருங்கி வில்போல வளையும். அணியும்போது தோளில் நிற்காது.

எனவே இழுபடும் முறையில் அடையுங்கள். முதல் இரண்டு கண்ணிகளின் பின்பக்க இழை வழியாக ஊசியை நுழைத்து, இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். வலது ஊசியில் வந்த அந்த ஒரு கண்ணியை இடது ஊசிக்குத் திருப்பி மாற்றுங்கள். மறுபடி முதல் இரண்டைச் சேர்த்துப் பின்னுங்கள். கடைசிக் கண்ணிவரை இப்படியே போய், நூலை வெட்டி அதன் வழியே இழுத்துவிடுங்கள். வலது கைக்கு ஓர் அளவு பெரிய ஊசி எடுத்தால் இன்னும் நல்லது.

இதற்கு விளிம்பின் அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல் ஒதுக்கிவையுங்கள். 120 செ.மீ. சால்வைக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர். கடைசிக் கட்டத்தில் ஒரு வரிசைக்கு எவ்வளவு நூல் போகிறது என்று ஒருமுறை அளந்துவிட்டால், எங்கே நிறுத்தவேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

இதே முக்கோணம், வேறு இரண்டு வழிகள்

முதல் சால்வை முடிந்ததும் அதே கணக்கை வேறு திசையில் திருப்பிப் பார்க்கலாம்.

கழுத்திலிருந்து கீழே: பெரும்பாலான அழகுச் சால்வைகள் இப்படித்தான் பின்னப்படுகின்றன. கழுத்தின் நடுப்புள்ளியில் தொடங்கி, நடுவில் முதுகெலும்பு போல ஒரு கண்ணியை விட்டு, அதன் இருபுறமும் இரண்டு முக்கோணங்கள் வளர்கின்றன. முன்பக்க வரிசைதோறும் நான்கு இடத்தில் கூட்டவேண்டும்: இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுக்கண்ணியின் இருபுறமும் ஒவ்வொன்று. பின்பக்க வரிசையில் எதுவும் கூட்டாமல் பின்னவேண்டும்.

எளிய தொடக்கம் இது. 9 கண்ணி ஏற்றுங்கள். முதல் 3-ம் கடைசி 3-ம் ஓரத்துக்கு, ஐந்தாவது கண்ணி முதுகெலும்புக்கு. அதில் ஓர் ஊக்கைக் குத்திவையுங்கள். முன்பக்க வரிசை: 3 கண்ணி பின்னி நூல்சுற்று; நடுக்கண்ணி வரும்வரை பின்னி நூல்சுற்று; நடுக்கண்ணியைப் பின்னி மறுபடி நூல்சுற்று; கடைசி 3 மிஞ்சும்வரை பின்னி நூல்சுற்று; அந்த 3-ஐயும் பின்னி முடியுங்கள். இப்போது 13 கண்ணி. அடுத்த முன்பக்க வரிசையில் 17, பிறகு 21.

ஒவ்வொரு பாதியும் முனையில் 90 பாகை விரிகிறது. இரண்டும் சேர்ந்தால் 180. அதனால்தான் இரண்டு முக்கோணங்களின் மேல்விளிம்பும் ஒரே நேர்க்கோடாகிவிடுகிறது. இதையே ஸ்டாக்கினெட்டில் பின்னினால் 180 வராது, 140 அளவிலேயே நின்று, மேல்விளிம்பு நடுவில் உடைந்து கோணலாகத் தெரியும். நனைத்து இழுத்து விரித்துத்தான் அதை நேராக்குவார்கள். ஓரத்தில் மட்டும் பின்பக்க வரிசையிலும் கூட்டுவது இன்னொரு வழி. அப்போது இரண்டு நுனிகளும் நீண்டு, சால்வை பிறை வடிவம் நோக்கிப் போகும்.

பக்கத்திலிருந்து பக்கமாக: ஒரு நுனியில் மூன்று கண்ணியில் தொடங்கி, ஒரே ஓரத்தில் மட்டும் கூட்டிக்கொண்டே போய், நடுவை அடைந்ததும் அதே ஓரத்தில் குறைத்துக்கொண்டே மறுநுனிக்கு வருவது. மூன்று வரிசை சும்மா பின்னுங்கள். நான்காவது வரிசையில் கடைசி இரண்டு கண்ணி மிஞ்சும்போது ஒரு நூல்சுற்று போட்டு, அந்த இரண்டையும் பின்னுங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். குறைக்கும்போது, நான்காவது வரிசையில் கடைசி நான்கு கண்ணி மிஞ்சுகையில் இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, மீதி இரண்டையும் பின்னுங்கள்.

இரண்டு வரப்புக்கு ஒரு கண்ணி என்பதால் நீளம் ஆழத்தைப் போல நான்கு மடங்கு. 60 கண்ணிவரை போய்த் திரும்பினால், அதே 18 கண்ணிக் கையில், ஆழம் 33 செ.மீ., நீளம் 133 செ.மீ. கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ள மிக வசதியான அளவு. நார்வேயிலிருந்து பாக்டுஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய ஸ்கார்ஃப் இந்த வகைதான். வரப்புக்கு ஒன்று கூட்டினால் நீளம் ஆழத்தின் இரண்டு மடங்கு. மூன்று வரப்புக்கு ஒன்று என்றால் ஆறு மடங்கு. நாமே தேர்ந்தெடுக்கலாம்.

இந்த வழியின் பெரிய நன்மை, நூலை வீணாக்காமல் முழுவதும் பயன்படுத்தலாம். தொடங்கும் முன் நூலைச் சமையலறைத் தராசில் எடைபோடுங்கள். பாதி எடை தீர்ந்ததும் குறைக்கத் தொடங்குங்கள். மறுபாதி நூல் மறுநுனிவரை சரியாக வரும்.

இரண்டு மூன்று நிறம் வைத்துப் பட்டை போட விரும்பினால் வழியைப் பொறுத்துத் தோற்றம் மாறும். அடிமுனையிலிருந்து பின்னினால் பட்டைகள் முதுகில் கிடைமட்டமாக ஓடும். கழுத்திலிருந்து பின்னினால் நடுவில் முனை சேர்ந்து அம்புபோல இறங்கும். பக்கவாட்டில் பின்னினால் மேலிருந்து கீழாக நிற்கும்.

குளிர்நாட்டுப் பெண்களின் உழைப்புடை

முக்கோணச் சால்வை அலங்காரத்துக்காகத் தோன்றியதல்ல. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் பெண்கள் அன்றாடம் அணிந்தது ஹாப் எனப்படும் சதுரச் சால்வை. நடுவில் கார்ட்டர் பின்னல், சுற்றிலும் அலைபோன்ற பட்டை, ஓரத்தில் பின்னல் லேஸ். அதைக் குறுக்கே மடித்து முக்கோணமாக்கித்தான் தோளில் போட்டார்கள். ஒரே அடுக்கு போதும் என்றால் பாதி நூலில் முக்கோணமாகவே பின்னிவிடலாம். அரை ஹாப் அப்படி வந்தது. அதே தீவுகளில், திருமண மோதிரத்தின் வழியே இழுத்துவிடக்கூடிய அளவுக்கு மெல்லிய லேஸ் சால்வைகளும் விற்பனைக்காகப் பின்னப்பட்டன.

ஃபாரோ தீவுகளில் சால்வையின் நடுவே பட்டையாக ஒரு தனிப்பகுதி வைத்து, தோள் வரும் இடத்தில் கண்ணிகளைக் குறைத்து வடிவம் கொடுத்தார்கள். அது தோளைப் பிடித்துக்கொள்ளும். ஊக்கு குத்தாமலே நழுவாமல் நிற்கும். டென்மார்க்கில் நுனிகளை மிக நீளமாக்கி, மார்பின் குறுக்கே போட்டு, இடுப்பைச் சுற்றிப் பின்னால் முடிச்சிட்டார்கள். இரண்டு கையும் வேலைக்கு விடுபட்டிருக்க வேண்டும் என்பதே அந்த வடிவத்துக்குக் காரணம். மாறுதல் ஒவ்வொன்றும் கண்ணியை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்ற முடிவிலிருந்து பிறந்ததுதான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சிந்தனையைச் சாதாரணப் பின்னல்காரர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் எலிசபெத் ஜிம்மர்மன் (1910-1999). இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1974-இல் வெளிவந்த நிட்டர்ஸ் அல்மனாக் என்ற நூலில் அவர் வட்டச் சால்வை ஒன்றைத் தந்தார். வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்ற பள்ளிக்கூட உண்மையே அதன் அடிப்படை. ஆரம் இரட்டிக்கும் இடங்களில் மட்டும் கண்ணிகளை இரட்டித்தால் போதும். இடையில் மனம்போல எந்த வேலைப்பாடும் செய்துகொள்ளலாம். வடிவம் எப்படி வருகிறது என்று தெரிந்தவர் செய்முறைக்கு அடிமையாக வேண்டியதில்லை என்று அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார்.

வழக்கமாக வரும் சிக்கல்கள்

எண்ணிக்கை குறைந்தால்: பெரும்பாலும் நூல்சுற்று விடுபட்டிருக்கும். ஓரத் துளைகளைப் பாருங்கள். இடைவெளி அகன்றிருக்கும் இடம் அதுதான். ஒன்றிரண்டு வரிசைக்குள் கண்டுபிடித்தால் பிரித்துச் சரிசெய்யுங்கள். வெகுதூரம் போய்விட்டால் அதே ஓரத்தில் அடுத்த வரிசையில் ஒன்று கூடுதலாகக் கூட்டிவிடுங்கள். சால்வையில் அது யாருக்கும் தெரியாது.

கண்ணி நழுவினால்: பதறாமல் உடனே ஊக்கில் மாட்டிவையுங்கள். இழுக்காதவரை அது ஓடாது. அதற்கு நேரே வரும்போது ஊசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

பெரிய தவறு வரும் என்று பயம் இருந்தால்: இருபது வரிசைக்கு ஒருமுறை வேறு நிற மெல்லிய நூலைத் தையல் ஊசியில் கோத்து, ஊசியில் உள்ள எல்லாக் கண்ணி வழியாகவும் ஓட்டிவிடுங்கள். பின்னால் பிரிக்க நேர்ந்தால் அந்த நூல் இருக்கும் வரிசையில் தானாக நிற்கும். முடிந்ததும் உருவிவிடலாம்.

துளை பிடிக்கவில்லை என்றால்: அடுத்த வரிசையில் நூல்சுற்றின் பின்பக்க இழை வழியாகப் பின்னுங்கள். இழை முறுக்கிக்கொண்டு துளை மூடிவிடும்.

புது உருண்டையை இணைக்கும்போது: வரிசையின் தொடக்கத்தில் இணையுங்கள். இரண்டு நூல் நுனியையும் ஒரு சாண் அளவு விட்டு, கடைசியில் தையல் ஊசியால் வரப்புகளுக்குள் இரு திசையிலும் நுழைத்து மறைத்துவிடுங்கள். முடிச்சை மட்டும் நம்பினால் துவைக்கத் துவைக்க அவிழும்.

நனைத்து விரிப்பது

ஊசியிலிருந்து இறக்கிய சால்வை கசங்கிச் சுருங்கித்தான் இருக்கும். கம்பளி என்றால், குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். தேய்க்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. கம்பளி நார்கள் ஒன்றோடொன்று சிக்கித் தடித்துவிடும். உலர்ந்த துண்டில் சுருட்டி மெல்ல அழுத்தி நீரை எடுங்கள். பிறகு பாயிலோ மெத்தையிலோ துணி விரித்து, மேல்விளிம்பை நேராக இழுத்துக் குண்டூசி குத்துங்கள். நடுவிலிருந்து முனையை இழுத்துக் குத்துங்கள். பிறகு ஓரங்களைச் சீராக்குங்கள். முழுக்கக் காய்ந்தபின் எடுத்தால் அந்த வடிவம் நிற்கும். அடுத்த முறை துவைக்கும்போது மறுபடி விரிக்கவேண்டும்.

அக்ரிலிக் நூலுக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது. அதற்காக இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள். சூடு பட்டால் அக்ரிலிக் இளகித் துவண்டு, மறுபடி பழைய நிலைக்கு வராது. கார்ட்டர் பின்னல் அக்ரிலிக் சால்வைக்கு ஈரத்தோடு தட்டையாகப் போட்டுக் காயவைத்தாலே போதும். எந்த நூலானாலும் கொடியில் தொங்கவிட வேண்டாம். ஈரத்தின் எடை சால்வையை ஒரு பக்கம் நீட்டிவிடும்.

அடுத்தது

முதல் சால்வையை அடிமுனையிலிருந்து, ஒரே நிறத்தில், கார்ட்டர் பின்னலில் முடியுங்கள். இரண்டாவதைப் பக்கவாட்டில், நீங்களே தேர்ந்தெடுத்த வீதத்தில் பின்னுங்கள். மூன்றாவதைக் கழுத்திலிருந்து தொடங்கி, நடுவே ஒரு வேலைப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். அதற்குப்பின் எந்தச் செய்முறையைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு வரிசையில் எத்தனை கண்ணி கூடுகிறது, எங்கே கூடுகிறது? அடிமுனைச் சால்வையில் இரண்டு, கழுத்துச் சால்வையில் நான்கு, பக்கவாட்டில் ஒன்றோ அரையோ. அந்த எண்ணைப் பார்த்ததும் முடிந்த சால்வையின் வடிவம் உங்களுக்குத் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.